பட்டறை என்ற சொல்லைத் திருப்பிக் கொடுங்கள்

அடுத்த மாதம் எங்கள் ஊரில் இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை ஒன்று நடக்கவிருக்கிறது. பயிற்றுவிப்பவர்களில் ஒருவனாக நானும் வரவேண்டும் என்று நண்பர்கள் அன்போடு கேட்டு, அழைப்பிதழின் மாதிரியையும் அனுப்பியிருந்தார்கள். முகப்பில் ஓர் அடைகல். அதன்மேல் சம்மட்டிக்குப் பதிலாக ஒரு பேனா. சுற்றிலும் தீப்பொறி. வர இயலாது என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். காரணம் கேட்டு மறுபடி எழுதினார்கள். அந்தக் காரணம் ஒரு வரியில் அடங்குவதாக இல்லை. சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் பெரும்பகுதி என்மீதே என்பதால் நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

தமிழ் இலக்கிய உலகம் கைத்தொழில் செய்பவர்களிடமிருந்து இரண்டு சொற்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று பட்டறை, மற்றது எந்திரத்தனம். முதலாவதைப் பெருமைக்கும் இரண்டாவதை வசைக்கும் பயன்படுத்துகிறோம். கவிதைப் பட்டறை, விமர்சனப் பட்டறை, மொழிபெயர்ப்புப் பட்டறை என்று நம் கூட்டங்களுக்குப் பெயர் வைக்கிறோம். அங்கே உட்கார்ந்துகொண்டு, பிடிக்காத கதையை ‘எந்திரத்தனமாக இருக்கிறது’ என்று ஒதுக்குகிறோம். கொல்லனின் கூரைக்குக் கீழே அமர்ந்து கொல்லனையே ஏசும் இந்த விநோதம் இத்தனை ஆண்டுகளில் நம்மில் ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் 2022 வரையில் உறைக்கவில்லை.

2009-இல் இதே போன்ற ஒரு பட்டறையில் கதைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வந்த கதைகளில் ஒன்று, உக்கடம் பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞருடையது. கோடு போட்ட நோட்டுத் தாளில், பக்க ஓரங்களில் கிரீஸ் ரேகை படிய எழுதியிருந்தார். கதை எளியது. ஒரு மெக்கானிக். மறுநாள் காலையில் அவன் தங்கைக்குக் கல்யாணம். இரவுக்குள் ஒரு காரின் ஹெட் வேலையை முடித்துக் கொடுத்தால்தான் முதலாளியிடமிருந்து பணம் கிடைக்கும். அவன் ஹெட்டைக் கழற்றுகிறான். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடியெடுத்து, கிழித்து, அதில் வரிசையாகத் துளை போட்டு, உருவிய வால்வுகளை ஒவ்வொன்றாக அந்தந்தத் துளையில் குத்தி வைக்கிறான். இது அரைப் பக்கம் வந்தது. நான் அந்த அரைப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து ஓரத்தில் எழுதினேன்: ‘எந்திரத்தனமான விவரிப்பு. கதைக்குத் தேவையில்லை.’ மறுநாள் அவர் வரவில்லை. பட்டறைகளில் இரண்டாம் நாள் ஆள் குறைவது வழக்கம்தான். நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

என்னிடம் 1996-ஆம் வருட மாருதி 800 ஒன்று இருக்கிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த எஞ்சின். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த மாடலைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையிராது. 2022-இல் என் வண்டி நீலப் புகை தள்ளத் தொடங்கியது. ஆயில் குடித்தது. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் அழுத்தம் மிகக் குறைவு. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது அழுத்தம் ஏறியது. ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் வால்வில் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். விட்ட ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தைச் சற்று நேரம் அடைக்கும், வால்வை அடைக்காது. ஒரு கரண்டி ஆயிலில் முடிந்துவிடும் இத்தனை துல்லியமான ஒரு தர்க்கத்தை நான் என் விமர்சனக் கட்டுரைகள் ஒன்றிலும் பயன்படுத்தியதில்லை.

(வால்வை ஓரதர் என்றும் பிஸ்டனை ஆடுதண்டு என்றும் எழுத வேண்டும் எனச் சிலர் சொல்லக்கூடும். அச்சொற்களின்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவற்றை எங்கள் ஊர்ப் பட்டறையில் சொன்னால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.)

ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. எஞ்சினை நானே வீட்டில் இறக்கிப் பிரித்துக் கட்டுவது என்று முடிவு செய்தேன். பாதிக் காரணம் சிக்கனம். மீதிப் பாதி புத்தகம். ராபர்ட் பிர்சிக் 1974-இல் எழுதிய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ நம்மில் பலரைப் போல என்னையும் பித்துப்பிடிக்க வைத்த நூல். மாத்யூ கிராஃபோர்டையும் படித்திருந்தேன். சிகாகோவில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டனில் கிடைத்த சிந்தனைக்கூட வேலையை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தவர். கைவேலையும் சிந்தனைதான் என்று வாதிடும் அவருடைய நூல் 2009-இல் வந்தது. இருவரையும் படித்தவனுக்கு ஸ்பானர் தானாகவே வசப்படும் என்றொரு மயக்கம் இருந்தது எனக்கு. போதாக்குறைக்கு, நண்பர் ஒருவர் பிர்சிக்கை முன்வைத்து, எந்திரத்தைப் பழுதுபார்ப்பது ஒருவகைத் தியானம் என்று மிக அழகாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நண்பரிடம் அப்போது சைக்கிள்கூடக் கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலிபோல நிறுத்தி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கை அதில் மாட்டி, பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் துணையோடு எஞ்சினைத் தூக்கிப் போர்டிகோவில் கிடந்த பழைய மரமேசைமேல் இறக்கினோம். டைமிங் பெல்ட்டைக் கழற்றி, ஹெட்டைத் தனியாக எடுத்தேன். ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கையும் அமுக்கிப் பிடித்து அதன் லாக்குகளை எடுப்பதற்குள் விரல் நகம் இரண்டு போயிற்று. உருவிய ஆறு வால்வுகளையும் டீசல் ஊற்றிய தட்டில் போட்டேன், ஒன்றாக. அன்று இரவு சர்வீஸ் மேனுவலைப் புரட்டியபோது வயிற்றைக் கலக்கியது. உள்வாங்கும் வால்வு மூன்று, வெளித்தள்ளும் வால்வு மூன்று. தலையின் அளவு வேறு என்பதால் இரு வகைகளையும் பிரித்துவிடலாம். ஆனால் எது எந்தச் சிலிண்டரைச் சேர்ந்தது? இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு வால்வும் தனக்கென உள்ள சீட்டில் கோடிக்கணக்கான முறை அடித்து அடித்து அந்தச் சீட்டுக்கேற்பத் தேய்ந்திருக்கிறது. தண்டு அதனதன் கைடில் ஒரு தோதுக்கு வந்திருக்கிறது. கலைத்துப் போட்டால் அந்தப் பொருத்தம் போயிற்று. வால்வுகளைக் கழற்றும்போதே வரிசை மாறாமல் வைக்க வேண்டும் என்பது இத்தொழிலில் முதல் வார ஞானம்.

அட்டை. வரிசையாகத் துளை. அந்தந்தத் துளையில் குத்தி வைக்கிறான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அரைப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஒரு கதையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் செயற்கையான திருப்பம் என்று நானே அடித்திருப்பேன். என்ன செய்வது, நடந்தது இதுதான். தட்டில் ஆறு வால்வுகளும் கிடக்க, அதன்முன் நான் உட்கார்ந்திருக்க, அந்த அரைப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தங்கைக்கு விடிந்தால் கல்யாணம். மண்டபத்துக்குப் போயாக வேண்டும். முதலாளி வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். அப்போதும் அவன் அட்டையைத் தேடுகிறான். தட்டில் மொத்தமாகப் போட்டிருந்தால் கால்மணி நேரம் மிச்சம், வண்டிக்காரருக்கு உடனே தெரியவும் போவதில்லை. அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அவன் மனப்போராட்டத்தை இரண்டு பக்கத்துக்கு நனவோடை உத்தியில் எழுதியிருந்தால் நான் ஓரத்தில் ‘நன்று’ என்று போட்டிருப்பேன். கதையின் உயிர்நாடி ஓர் அட்டைத் துண்டில் இருந்தது. எனக்கு அது வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாதது என் குறை என்று தோன்றாமல், எழுதியவனின் குறை என்று தோன்றியதல்லவா, அதற்குத்தான் பெயர் தேட வேண்டும்.

பெயர் தேடினால் சாதி வரைக்கும் போகும். இங்கே அது வேண்டாம் என்று பாதியில் நிற்கவும் மனமில்லை. கையில் மசி படிந்தவனின் அறிவு அறிவல்ல, பழக்கம் மட்டுமே என்று எண்ணும் மனம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று நமக்கே தெரியும். முற்போக்கு, பின்நவீனத்துவம் எல்லாவற்றையும் கற்ற பிறகும் அது நம் சிவப்பு மையில் கசிகிறது. ‘எந்திரத்தனம்’ என்ற வசை அதன் நாகரிகமான வடிவம்.

விவரம் மிகுந்தால் இலக்கியம் கெடும் என்ற வாதமும் பொய். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் ரங்கண்ணாவின் சங்கீதப் பாடம் பக்கம் பக்கமாக வருகிறது. சுருதி என்றால் என்னவென்று தெரியாதவரும் அதைப் படித்து உருகுகிறார். ஒருவரும் அதை எந்திரத்தனம் என்று சொன்னதில்லை. தம்புராவின் ஜீவா நூலுக்கு உள்ள அந்தஸ்து ஹெட் கேஸ்கெட்டுக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம். இளங்கோவடிகள் அடைக்கலக் காதையில் மதுரையின் மதில்மேல் நின்ற போர்ப் பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அது உதிரிபாகப் பட்டியல் அல்லாமல் வேறென்ன? நம் பட்டறைக்கு அக்காதையை அனுப்பிவைத்திருந்தால் யாராவது ஓரத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சங்கப் புலவர்களுக்குக் கொல்லனின் உலைக்களத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் இருந்தது. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், பிரிவில் வருந்தும் நெஞ்சுக்கு ஏழு ஊர்களின் பொதுவேலைக்காக ஓர் ஊரில் அமைத்த துருத்தியை உவமையாக்குகிறார். இந்த உவமையை எத்தனையோ மேடைகளில் வியந்து பேசியிருக்கிறோம். எதை வியந்தோம்? ஏழு ஊர்களுக்கும் ஒரே கொல்லன்தான், வேலை குவிகிறது, துருத்திக்கு ஓய்வே இல்லை, அதை மிதிக்கும் காலுக்கும் இல்லை என்று ஒரு தொழிலின் நிலைமை முழுவதையும் அந்தப் பெண் அறிந்து வைத்திருந்தார் என்பதை அல்ல. உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு துருத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

வால்வுகளுக்கு வருகிறேன். பேஸ்ட் தடவி, ரப்பர் குவளை வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே மத்துப்போல உருட்டி உருட்டி, ஆறு வால்வுகளையும் ஆறு சீட்டுகளோடு புதிதாகப் பொருத்த வேண்டியதாயிற்று. விளிம்பைச் சுற்றிலும் ஒரே அகலத்தில், எங்கும் அறுபடாமல், சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும். அறுபட்டிருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கசியும். நான்கு நாள் உருட்டினேன். ஐந்து வால்வுகளில் வளையம் கிடைத்தது. ஆறாவதில் வரவேயில்லை. ஹெட்டையும் பிளாக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போரிங் பட்டறைக்குப் போனேன். நூற்பாலைகளையும் வார்ப்படச் சாலைகளையும் பம்புசெட்டுகளையும் நம்பி வளர்ந்த ஊர் என்பதால் எங்களுக்கு அத்தகைய இடங்களுக்குப் பஞ்சமில்லை.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பட்டறைக்குள் நான் முதன்முதலாகக் கால்வைத்தது அன்றுதான். என் வயது அப்போது ஐம்பத்தொன்பது.

பட்டறைக்கார மாஸ்டர் பிளாக்கை மேசைமேல் வைத்து, போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மூன்று ஆழங்களில் இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்தார். மூன்று சிலிண்டருக்குப் பதினெட்டு அளவுகள். சிலிண்டர் சுவர் சீராகத் தேயாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில் அதிகம் தேய்ந்து வட்டம் முட்டையாகும். மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் அதிகம், கீழே குறைவு. “மூணாவது ரொம்ப ஓவல் ஆயிருச்சுங் சார். மூணையுமே அரை மில்லி பெருசு பண்ணிரோணும்” என்றார். ஒன்றுதானே கெட்டிருக்கிறது என்றேன். “ஒண்ணு மட்டும் பெரிய பிஸ்டன் போட்டா எஞ்சின் ஆடுமுங்.” சரி, செய்துவையுங்கள், பிஸ்டனைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்புகூட இல்லை. “பிஸ்டன மொதல்ல கொண்டாங் சார். அத அளந்து பாத்துத்தான் போர் போடோணும்.” பெட்டியில் அச்சிட்ட அளவை அவர் நம்புவதில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடவேண்டிய சந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்கு. தலைமயிரின் தடிமனைக் காட்டிலும் குறைவு. இதற்குமேல் விட்டால் பிஸ்டன் சத்தமிடும். குறைத்தால் சூட்டில் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அங்கே கற்றுக்கொண்டிருந்தான். பிஸ்டன்கள் வந்த அன்று மைக்ரோமீட்டரால் ஒன்றை அளந்து ஓர் எண்ணைச் சொன்னான். மாஸ்டர் வாங்கி அளந்தார். நூறில் ஒரு பங்கு வித்தியாசம். ஒன்றும் சொல்லாமல் மைக்ரோமீட்டரை அவனிடமே நீட்டினார். அவன் மறுபடி அளந்தான். இம்முறை இருவர் எண்ணும் ஒன்றாக இருந்தன. “ம்” என்றார். அவ்வளவுதான். ‘நல்ல முயற்சி’ இல்லை. ‘உன்னிடம் ஒரு தனித்துவமான அளவு இருக்கிறது’ இல்லை. ‘ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளக்கிறார்கள், அதுதான் பன்முகத்தன்மை’ இல்லவே இல்லை. என் வாழ்நாளில் நான் பங்கேற்ற பதினொரு இலக்கியப் பட்டறைகளில் நாங்கள் யாரும் யாருக்கும் அந்த ‘ம்’-ஐச் சொன்னதில்லை. மதிய உணவுக்குப் பிறகு குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு சான்றிதழ் கொடுத்திருக்கிறோம்.

போர் போட்ட பிறகு ஹோனிங். சிலிண்டர் சுவரைக் கண்ணாடிபோல வழவழப்பாக்க வேண்டும் என்றுதான் என்னைப் போன்றவன் நினைப்பான். அப்படிச் செய்தால் எஞ்சின் ஆயில் குடிக்கும். சுவரில் மெல்லிய கீறல்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு கோலம்போல விழ வேண்டும். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். அவற்றின்மேல் ஓடித்தான் புது ரிங் சுவரோடு தன்னைப் பொருத்திக்கொள்ளும். (இதை உடனே கவிதைக்கு உவமையாக்க ஒருவர் எழுந்திருப்பார் என்று தெரியும். தயவுசெய்து உட்காருங்கள். அது சிலிண்டர் சுவர். அது சிலிண்டர் சுவராகவே இருக்கட்டும்.)

பிறகு வீட்டில் பூட்டினேன். பேரிங் கேப்புகளை அதனதன் இடத்தில், அதனதன் திசையில் வைத்து, மேனுவல் சொன்ன முறுக்கில் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ரிங் வாய்களை ஃபீலர் கேஜால் அளந்தேன். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகப் பல சுற்றுகளில் இறுக்கினேன். இப்போது எல்லாவற்றுக்கும் அட்டை வைத்திருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாவியைத் திருப்பியபோது மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்துக்குள் பாராட்டுகள் குவிந்தன. ஒருவர் வெண்பாவே எழுதிவிட்டார். தளை தட்டியது.

முந்நூறு கிலோமீட்டர் ஓடியும் நீலப் புகை நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாயிற்று என்றும் சொல்லலாம். மாஸ்டர் ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது வந்து பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். இரண்டு பிளக் ஆயிலில் நனைந்திருந்தன. “ரிங்குல எழுத்து இருக்குமே சார், அது மேல பாக்கற மாதிரிப் போட்டீங்ளா?” என்றார். என்ன எழுத்து என்று கேட்டேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. இரண்டாவது ரிங்கின் வெளிமுகம் நேராக இராது, சிறு சரிவு இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது கீழ்விளிம்பு சுவரில் உள்ள மிகுதி ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். தலைகீழாகப் போட்டால் அதே விளிம்பு ஆயிலை மேலே வழித்து எரியறைக்குள் ஏற்றும். மேல்பக்கம் எது என்று காட்டத்தான் ரிங்கின் ஒரு முகத்தில் எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பிஸ்டன்களில் நான் அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். நாற்பது ஆண்டுகளாக எழுத்து எழுத்து என்று பேசிக்கொண்டு திரிந்தவன், கண்ணெதிரே இருந்த ஓர் எழுத்தைப் படிக்கவில்லை. எஞ்சினை மறுபடி இறக்கி, மறுபடி பிரித்து, புது கேஸ்கெட் செட் வாங்கி, மறுபடி கட்ட இன்னும் பதினொரு நாள் ஆயிற்று. இந்த முறை படம் எடுக்கவில்லை.

தியான நண்பருக்குச் சொல்ல வேண்டியது இங்கே வருகிறது. ஐயா, அது தியானம் அல்ல. மெக்கானிக் தன் அகத்தைத் தேடிக்கொண்டு எஞ்சினுக்குள் போவதில்லை, அதற்கு அவருக்கு நேரமில்லை. மாலைக்குள் வண்டி போக வேண்டும், கடை வாடகை கொடுக்க வேண்டும். நானும் என் அகத்தை அங்கே காணவில்லை. நான் அவசரக்காரன், சொன்னதைக் கேளாதவன், இடுப்பு பலவீனமானவன் என்பதைக் கண்டேன். இதெல்லாம் வீட்டில் ஏற்கெனவே பலமுறை சொல்லப்பட்டதுதான். பிர்சிக்கை நாம் சரியாகவும் படிக்கவில்லை. அந்நூலில் ஓர் இடம் வரும். நண்பர் ஜானின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பார் தளர்ந்துபோகிறது. கதைசொல்லி, ஒரு பழைய பீர் டப்பாவிலிருந்து மெல்லிய தகட்டை வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார். தொழில்நுட்பப்படி அது மிகச் சரியான யோசனை. ஜானுக்கோ அவமானமாகிவிடுகிறது, தன் வண்டிக்குப் பீர் டப்பாவா என்று. நாம் அந்நூலைப் படித்துவிட்டுக் கதைசொல்லியின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம். நாம் ஜான். பட்டறை என்ற கருத்து நமக்கு மிகவும் பிடிக்கிறது, டப்பாத் தகடு கண்ணில் படாதவரை.

அமெரிக்காவில் ஒரு தத்துவ முனைவர் பழுதுபார்க்கும் கடை வைத்துவிட்டு அதைப் பற்றிப் புத்தகம் எழுதினால் நாம் தருவித்துப் படிக்கிறோம். பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒருவர் நேராகக் கதையோடு வந்தால் சிவப்பு மையை எடுக்கிறோம். எங்கள் ஊரின் ஜி.டி. நாயுடு (1893–1974) இளம் வயதில் உணவுவிடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித் தானே பொறியியல் கற்றார் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் சொல்லப்படும் கதை. மேதையின் கதையாகச் சொல்கிறோம். அதையே இன்று உக்கடத்தில் செய்யும் பையனைப் படிப்பு ஏறாதவன் என்கிறோம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் இரண்டு ஆண்டு. முடித்து வந்த ஒருவரையாவது நம் கூட்டங்களில் வாசகராக அல்லாமல் பேச்சாளராக அமர்த்தியிருக்கிறோமா?

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. இலக்கியத்துக்கு ஃபீலர் கேஜ் கிடையாது, பதினெட்டு அளவுகள் எடுத்து ஒரு கவிதை ஓவலாகிவிட்டது என்று நிறுவ முடியாது, நிறுவத் தொடங்கினால் அதைவிடப் பெரிய அபத்தம் வேறில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் வாதமே அதுதான். ஒருவர் சொல்லாலும் மாற்ற முடியாத ஒரு சோதனை வெளியே நிற்கிறது, பிழைத்தால் புகை வருகிறது, அதைத் தெருவே பார்க்கிறது. அந்த நிலைமைக்குப் பெயர் பட்டறை. நம்மிடம் அந்தச் சோதனை இல்லை. இல்லாததில் வெட்கம் ஏதுமில்லை, இலக்கியம் வேறு விதமான காரியம். ஆனால் சோதனை இல்லாமல் அந்தச் சோதனை தரும் கண்ணியத்தை மட்டும் அழைப்பிதழில் அச்சிட்டுக்கொள்வது எப்படி நேர்மையாகும்? அடைகல்லுக்குப் பழைய பெயர் பட்டடை. குறளில் அது வருமிடம் கூடா நட்பு அதிகாரம் என்பதை நண்பர்கள் நினைவுகூரலாம். கொல்லன் தொழிலோடு நமக்குள்ள நட்பு எந்த வகை என்று அங்கே எழுதியிருக்கிறது.

வகுப்பு என்று போடுங்கள். கூடுகை என்று போடுங்கள். முகாம், அரங்கு, சந்திப்பு, எதுவும் நன்றாகவே இருக்கும். இரண்டு நாள் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவது அருமையான காரியம். அதற்கு யாருடைய சம்மட்டியும் தேவையில்லை. பேனாவை அடைகல்மேல் வைத்தால் நிப் உடையும், வேறொன்றும் நடக்காது. பட்டறை என்றுதான் போடுவீர்கள் என்றால், இரண்டாம் நாள் வராமல்போனவர் யார், ஏன் வரவில்லை என்று அன்று மாலையே விசாரிக்கும் பொறுப்பையும் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். மாஸ்டர் தன் பையன் ஒருநாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்.

அந்த இளைஞரைத் தேடிப் பார்த்தேன். அவர் வேலை செய்த ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரருக்கு அவரை நினைவில்லை. கதையின் பிரதி எங்களிடம் இல்லை, திருத்தியதை அவரிடமே கொடுத்துவிட்டோம். 2009 நிகழ்ச்சிக் கோப்பில் பங்கேற்றவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் அவர் பெயருக்கு எதிரே முதல் நாள் வருகைக்கு மட்டும் ஒரு கையெழுத்து. ஊர், தொழில் என்ற கட்டங்களில், தொழில் என்பதற்கு நேராக முதலில் ஏதோ எழுதி அடித்துவிட்டு, மேலே ‘தனியார்’ என்று எழுதியிருந்தார்.

வண்டி ஓடுகிறது. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலில் மட்டும் ஒரு கசிவு இருக்கிறது, அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மாஸ்டர் அடுத்த மாதம் சனிக்கிழமை ஒன்றில் வரச் சொல்லியிருக்கிறார். தேதியைப் பார்த்தேன், உங்கள் நிகழ்ச்சியின் முதல் நாளேதான்.